எத்தனை ஹெச்பி வேணும் மேடம்?

நிலத்தடி நீர் சாம்பிள் எடுக்கவும், மாசான நிலத்தைச் சுத்தம் பண்ணவும் ஒரு ஏர் கம்ப்ரசர் வேணும்னு எந்தக் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான். எத்தனை ஹெச்பி? டேங்க் எத்தனை லிட்டர்? சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா?

யாரும் "எத்தனை அடி ஆழம்?"னு கேக்கறதில்ல. "தண்ணியில என்ன தேடப் போறீங்க?"ன்னு கேக்கறதில்ல. அந்த ரெண்டும் தெரியாம இந்த வேலைக்கு கம்ப்ரசர் வாங்கவே முடியாதுங்க.

இதை ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். சமீபத்துல நடந்த ஒண்ணு உடனே உக்கார வெச்சிருச்சு.

வடசென்னைப் பக்கம், பெட்ரோல் கசிஞ்சிருக்குமோன்னு சந்தேகப்படற ஒரு இடம். தண்ணியில பென்சீன் இருக்கான்னு பாக்கணும். நாங்க போறதுக்கு முன்னாடியே போர் போட்டவங்க ஒரு பெரிய டீசல் கம்ப்ரசரைக் கொண்டாந்து நிறுத்தி, ஓஸை போருக்குள்ள இறக்கிட்டு இருந்தாங்க. "ரெண்டு நிமிஷம் காத்து அடிச்சு உட்டா தண்ணி மேல வந்துருமுங்க மேடம், பாட்டில்ல புடிச்சுக்கலாம்"னார் அந்த அண்ணன். நல்ல மனுஷன். திருச்செங்கோட்டுக்காரர், ரிக் வண்டியிலயே வளர்ந்தவர். அவர் தொழில்ல அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. போர் போட்ட பிறகு உள்ள இருக்கற சேறு, தூள் எல்லாத்தையும் வெளிய தள்ள ஃப்ளஷிங் பண்றதுக்கு 1,100 சி.எஃப்.எம். (நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்துங்கற அளவு) மெஷின் வேணும், 300 பி.எஸ்.ஐ. பிரஷர் வேணும். அதுதான் அவருக்குப் பழக்கம்.

ஆனா அப்படி எடுத்த தண்ணியை லேபுக்கு அனுப்பினா ரிப்போர்ட்ல பென்சீன் குறைஞ்சு வரும். இல்லவே இல்லைன்னுகூட வரலாம். அந்த ரிப்போர்ட்டை நம்பி பக்கத்துத் தெருவுல இருக்கறவங்க அந்தத் தண்ணியைப் பொழங்குவாங்க.

இதுதான் என்னைப் போட்டு அரிக்குது. நம்ம ஊர்ல கம்ப்ரசர் தெரியாத ஆளே கிடையாது. பஞ்சர் கடையில இருக்கு, பெயின்ட் கடையில இருக்கு, பாதி வீட்டு போர்வெல்லே கம்ப்ரசர்லதான் ஓடுது. அதனாலயே "காத்து தானே, எந்த மெஷின்ல வந்தா என்ன"ங்கற நினைப்பு ஆழமா இறங்கியிருக்கு.

எந்த மெஷின்ல வருதுங்கறதுலதாங்க எல்லாமே இருக்கு.

முதல்ல காத்து தண்ணியை என்ன பண்ணும்னு பாத்துடலாம்.

டபரா டம்ளர்ல காபியை ஆத்தும்போது மணம் வாசல் வரைக்கும் போகுதுல்ல? ஆத்த ஆத்த காபியில இருக்கற வாசனை காத்துக்குப் போயிடுது. போருக்குள்ள காத்தை அடிச்சு தண்ணியை மேல கொண்டு வரும்போதும் நடக்கறது இதுதான். பென்சீன், டொலுயீன், டிரைகுளோரோஎத்திலீன் மாதிரி சீக்கிரம் ஆவியாகற பொருள் எல்லாம் குமிழியோட ஏறி வெளிய போயிடும். மிச்சம்தான் பாட்டிலுக்கு வரும். உலக சுகாதார நிறுவனம் குடிநீர்ல பென்சீனுக்கு வெச்சிருக்கற வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். இவ்வளவு பொடி அளவைத் தேடற இடத்துல காத்தோட பாதியை விட்டுட்டா பரிசோதனைக்கு என்ன அர்த்தம்?

ஆவியாகாத பொருளும் தப்பிக்காது. ஆழத்துல ஆக்சிஜன் இல்லாத தண்ணியில இரும்பு கரைஞ்ச நிலையில இருக்கும். பாக்க கண்ணாடியாத் தெரியும். அதுல காத்து பட்டதும் இரும்பு ஆக்சிஜனோட சேர்ந்து பழுப்புத் துகளாப் பிரியும். அந்தத் துகள் சும்மா படியாது. ஆர்சனிக் இருந்தா அதையும் மேல ஒட்ட வெச்சுக்கிட்டு கீழ இறங்கும். அப்புறம் ஃபில்டர் பண்ணி லேபுக்குக் கொடுத்தா ஆர்சனிக் கம்மின்னு வரும். தண்ணியில கரைஞ்சிருந்த கார்பன் டை ஆக்சைடும் வெளியேறிடறதால பி.ஹெச். ஏறிக் காட்டும்.

(இங்க ஒரு சின்ன விலகல். கோவை, திருப்பூர், வேலூர்ப் பக்கம் ஆழமான, தண்ணி கம்மியான போர்ல கம்ப்ரசர் மோட்டார் போட்டுத்தான் எடுப்பாங்க. உள்ள அசையற பாகமே இல்ல, மண் வந்தாலும் கெட்டுப் போகாது. அந்த இடத்துக்கு அது அருமையான ஏற்பாடு. ஆனா அந்த கம்ப்ரசர்ல பிஸ்டன் ரிங் தேஞ்சிருந்தா ஆயில் காத்தோட கலந்து கீழ போய், தண்ணியில பளபளன்னு படலமா மிதக்கும். "எங்க போர்ல எண்ணெய் வருது, பக்கத்து ஃபேக்டரிதான் காரணம்"னு சொல்ற வீட்டுல நான் முதல்ல பாக்கறது கம்ப்ரசர் ஆயிலைத்தான். ஆயில் லெவல் அடிக்கடி இறங்குதுன்னா, அந்த ஆயில் எங்கயோ போகுதுன்னுதானே அர்த்தம்? ஃபேக்டரி மேல புகார் கொடுக்கறதுக்கு முன்னாடி அதைச் சரி பண்ணிட்டு சாம்பிள் எடுத்தாத்தான் புகாரும் நிக்கும்.)

சரி, காத்து படக்கூடாதுன்னா கம்ப்ரசர் எதுக்கு?

பிளாடர் பம்ப்புக்காக. இந்தத் துறையில எனக்கு ரொம்பப் பிடிச்ச சாமான் இது. கைப்பிடி அளவு கனத்துல ஒரு ஸ்டீல் குழாய். அதுக்குள்ள டெஃப்லான்லயோ பாலிஎத்திலீன்லயோ ஒரு மெல்லிசான பை. கீழயும் மேலயும் ஒவ்வொரு ஒருவழி வால்வு. போர்த் தண்ணி தானா பைக்குள்ள நிறையும். மேல இருக்கற கண்ட்ரோலர் காத்தை அனுப்பும்போது, காத்து பைக்கு வெளிப்பக்கம் சூழ்ந்து அதை அமுக்கும். பையில இருந்த தண்ணி குழாய் வழியா மேல ஏறும். கண்ட்ரோலர் காத்தை வெளிய விட்டதும் பை திரும்ப நிறையும். காத்தும் தண்ணியும் ஒரே குழாய்க்குள்ள இருந்தும் ஒண்ணை ஒண்ணு தொடறதே இல்ல! முதல் தடவை பாக்கறவங்க கண்டிப்பா ஒரு நிமிஷம் நின்னு பாப்பாங்க.

இதுக்கு எவ்வளவு பிரஷர் வேணும்? சுலபமான கணக்கு: பம்ப் எத்தனை அடி ஆழத்துல தொங்குதோ அதுல பாதி, அதோட ஒரு 10 சேருங்க. அதுதான் பி.எஸ்.ஐ.

100 அடியில பம்ப்னா 50, கூட 10, ஆக 60. 200 அடின்னா 110.

கடையில கிடைக்கற சின்ன ஆயில்-ஃப்ரீ கம்ப்ரசர் மேல "8 பார்"னு போட்டிருப்பாங்க. 8 பார்னா 116 பி.எஸ்.ஐ. அப்போ 200 அடிக்கு தாராளமாப் போதும்னு தோணும்.

போதாதுங்க.

8 பார்ங்கறது மோட்டார் நிக்கற பிரஷர், கட்-அவுட். டேங்க்ல காத்து இறங்கி, பெரும்பாலும் 6 பார் பக்கம் வந்த பிறகுதான் மோட்டார் திரும்ப ஸ்டார்ட் ஆகும். அது கட்-இன். நமக்கு எந்த நேரமும் உறுதியாக் கிடைக்கறது அந்த 6 பார்தான், அதாவது 87 பி.எஸ்.ஐ. கணக்கைத் திருப்பிப் போட்டா சுமார் 150 அடி. அதுக்குக் கீழ பம்ப்பை இறக்கினா, டேங்க் நிறைஞ்சிருக்கும்போது தண்ணி ஒழுங்கா வரும், கொஞ்ச நேரத்துல சொட்டும், மோட்டார் ஓடினா மறுபடி வரும். பாக்கறவங்க பம்ப்பைத்தான் குத்தம் சொல்லுவாங்க. ஆழமான போருக்கு 10 அல்லது 12 பார் போற மெஷினைத் தேடுங்க. இல்லைன்னா கட்-இன்னை ஏத்தி வைக்க முடியற பிரஷர் ஸ்விட்ச் இருக்கற மெஷினாப் பாருங்க.

காத்தோட அளவு? இங்கதான் எல்லாரும் தேவைக்கு மேல வாங்கறாங்க.

6 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள காத்து டியூப் 100 அடிக்கு இருந்தா, உள்ள இருக்கற இடமே 0.85 லிட்டர்தான். 60 பி.எஸ்.ஐ.க்கு நிரப்ப மூணரை லிட்டர் வெளிக்காத்து போதும். பம்ப்போட உள்பக்கத்தையும் சேர்த்தா ஒரு சுத்துக்கு அஞ்சாறு லிட்டர். நிமிஷத்துக்கு ரெண்டு மூணு சுத்து. கூட்டினா நிமிஷத்துக்கு 20 லிட்டர்கூட வரல. ஒரு சி.எஃப்.எம்.ங்கறதே 28 லிட்டர். ஆக ஒரு சி.எஃப்.எம்.கூட வேணாம்!

ஏன் இவ்வளவு மெதுவா? சாம்பிள் எடுக்கறதே மெதுவா எடுக்கணும்ங்கறதாலதான். 1996-ல அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (புல்ஸ், பார்சிலோனான்னு ரெண்டு பேர் எழுதினது) வெளியிட்ட லோ-ஃப்ளோ முறை இன்னைக்கும் எங்களுக்கு அடிப்படை. நிமிஷத்துக்கு 100 மில்லியிலேர்ந்து 500 மில்லி வரைக்கும். போர்ல தண்ணி மட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல இறங்காமப் பாத்துக்கணும். மூணு நிமிஷத்துலேர்ந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பி.ஹெச்., மின்கடத்துதிறன், கரைஞ்ச ஆக்சிஜன், கலங்கல் எல்லாம் குறிக்கணும். தொடர்ந்து மூணு தடவை பி.ஹெச். 0.1-க்குள்ளயும், மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள்ளயும் நின்னாத்தான் பாட்டிலைத் திறக்கலாம். வேகமா இழுத்தா சுத்தியிருக்கற மண்ணெல்லாம் கிளம்பி வந்து, தண்ணியில இல்லாத உலோகத்தைக்கூட லேப்ல காட்டிடும்.

(இது சாம்பிள் எடுக்கறதுக்குன்னே ஜல்லடைக் குழாய் வெச்சுப் போடற கண்காணிப்புக் கிணத்துக்கான முறை. 800 அடி பாறை போர்ல, பல மட்டத்துல வெடிப்பு வழியா தண்ணி வர்ற இடத்துல, பம்ப்பை எந்த வெடிப்புக்கு நேரா வைக்கறோம்ங்கறதே தனிக் கதை.)

பாட்டிலைத் திறக்கற அந்தக் கடைசி நிமிஷம் எனக்கு எப்பவும் ஒரு படபடப்புதான். 40 மில்லி கண்ணாடி வயல். உள்ள ரெண்டு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம். டியூப் நுனியை வயலோட உள்சுவர்ல சாய்ச்சுப் பிடிச்சு, சத்தமே வராம தண்ணியை வழிய விடணும். வாய் வரைக்கும் நிறைஞ்சு, மேல லேசா உப்பி நிக்கும் பாருங்க, அப்போ மூடியைத் திருகணும். தலைகீழாக் கவுத்து விரலால தட்டிப் பாக்கணும். கடுகளவு குமிழி மேல ஓடினாலும் நான் அதை ஒதுக்கிட்டு வேற வயல் எடுப்பேன். இவ்வளவு கவனமா பிடிக்கற தண்ணிக்கு, அந்தப் பக்கம் நிக்கற கம்ப்ரசர் அழுக்குக் காத்து அனுப்பினா மனசு ஆறுமா?

ஆறாது. அதனால அடுத்தது சுத்தம்.

"பிளாடர் பம்ப்லதான் காத்து தண்ணியைத் தொடாதே, அப்புறம் ஆயில் கம்ப்ரசர் இருந்தா என்ன?"ன்னு நல்ல அனுபவசாலிகளே கேக்கறாங்க. பை கிழியும்ங்க. மணல் உரசி, மடிப்புல விரிசல் விட்டு, ஒரு நாள் கிழியும். கிழிஞ்ச அன்னைக்கு அந்த ஆயில் நேரா கிணத்துக்குள்ள போகும். எண்ணெய் இருக்கான்னு தேடற கிணத்துக்குள்ள நாமளே எண்ணெயை விட்ட கதையாயிடும். அதுக்கப்புறம் அந்தக் கிணத்துலேர்ந்து வர்ற எந்த ரிப்போர்ட்டையும் எதிர்த்தரப்பு வக்கீல் ரெண்டே கேள்வியில உடைச்சிடுவார்.

ஆயில்-ஃப்ரீ வாங்கறப்போ ஒண்ணு பாருங்க. ஐ.எஸ்.ஓ. 8573-1-னு காத்தோட சுத்தத்துக்கு ஒரு தரம் இருக்கு. அதுல கிளாஸ் 1-னா ஒரு கன மீட்டர் காத்துல எண்ணெய் 0.01 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது. கிளாஸ் 0-ன்னா அதைவிடக் கடுமையான ஒரு அளவைத் தயாரிப்பாளரோ வாங்கறவரோ எழுத்துல குறிப்பிடணும். சுழியம்னு போட்டிருக்கறதால எண்ணெயே கிடையாதுன்னு நினைச்சுக்காதீங்க. அந்த எழுத்துல குறிச்ச அளவு என்னன்னு கேட்டு வாங்குங்க.

ஆயில் கம்ப்ரசர்தான் கையில இருக்கு, ஃபில்டர் போட்டுக்கலாமான்னா, போடலாம். 0.01 மைக்ரான் ஃபில்டர் பொடிப்பொடி எண்ணெய்த் துளியைப் பிடிக்கும். ஆனா எண்ணெய் ஆவி அது வழியாவே போயிடும். அதுக்குப் பின்னாடி கரி ஃபில்டர் வேணும். அந்தக் கரி நிறைஞ்சது வெளிய இருந்து பாத்தா தெரியாது, தேதி எழுதி வெச்சு மாத்தணும். வெயில்ல மெஷின் சூடாக சூடாக ஆவி ஜாஸ்தியாகும். நம்ம ஊரு மே மாசத்தை நம்பி நான் இந்த ஏற்பாட்டுல இறங்க மாட்டேன். சின்ன மெஷின் தானே, ஆயில்-ஃப்ரீயாவே வாங்கிடலாம்.

அடுத்தது ஈரம். சென்னை மாதிரி கடலோர ஊர்ல இதுதான் தினசரித் தொல்லை. 32 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு கன மீட்டர் காத்துல சுமார் 27 கிராம் தண்ணி இருக்கும். அதை 7 பார்க்கு அமுக்கினா அதுல ஏறக்குறைய 20 கிராம் டேங்க்லயே தண்ணியா இறங்கிடும். நாள் முழுக்க பிளாடர் பம்ப் ஓட்டினா சாயங்காலத்துக்குள்ள ஒரு டம்ளர் தண்ணி. டேங்க் அடியில இருக்கற ட்ரெயின் வால்வைத் திறந்தா துருவோட பழுப்பா வரும். திறக்கலைன்னா அது கண்ட்ரோலர் வால்வுக்குப் போய் ஒட்டிக்கும், அப்புறம் காத்து டியூப் வழியா பம்ப் அடியில போய்த் தேங்கும். மதியச் சாப்பாட்டுக்கு உக்காரும்போது ஒரு தடவை, மூட்டை கட்டும்போது ஒரு தடவை திறந்து விடறதை எங்க டீம்ல பழக்கமாவே வெச்சிருக்கோம். கண்ட்ரோலருக்கு முன்னாடி ஒரு ஈரப் பிடிப்பானும் மாட்டிடுங்க.

கரன்ட் இல்லாத இடத்துல? பெட்ரோல் இன்ஜின் கம்ப்ரசர், இல்லைன்னா ஜெனரேட்டர். ரெண்டும் புகை விடும், அந்தப் புகையிலயே பென்சீன் இருக்கு. வயலைத் திறக்கற இடத்துக்குக் காத்து வர்ற பக்கத்துல மெஷின் நிக்கவே கூடாது. ஓஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவு தள்ளி, புகை நம்மள விட்டுப் போற பக்கமா நிறுத்தணும். பெட்ரோல் ஊத்தற ஆளும் சாம்பிள் பிடிக்கற ஆளும் வேற வேற ஆளா இருக்கணும். இதுல நான் ரொம்பக் கறார்.

இந்தத் தொல்லையே வேணாம்னா நைட்ரஜன் சிலிண்டர். வெல்டிங் கேஸ் கடையில கிடைக்கற 7 கன மீட்டர் சிலிண்டர் ஒண்ணு, நிமிஷத்துக்கு 20 லிட்டர் கணக்குல கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் வரும். எண்ணெய் இல்ல, ஈரம் இல்ல, சத்தம் இல்ல, புகை இல்ல. கனம்தான் பிரச்சினை. ரெண்டு பேர் சேர்ந்து உருட்டி, வண்டியில நிமிர்த்திக் கட்டி, ரெகுலேட்டரைக் கழட்டி, மேல வால்வு மூடியோட கொண்டு போகணும். ரோட்டோரத்துல ரெண்டு மூணு கிணறுன்னா நான் சிலிண்டர்தான் எடுப்பேன். வயல் வரப்புல நடந்து போற இடம்னா சின்ன 12 வோல்ட் கம்ப்ரசரும் பேட்டரியும். கார் டயருக்குக் காத்தடிக்கற வகையை இதுக்கு இழுக்காதீங்க, பத்து நிமிஷம் ஓடினா அரை மணி நேரம் ஆறணும்.

இவ்வளவும் சாம்பிளுக்கு. சுத்தம் பண்ற வேலைக்கு வந்தா கணக்கு அப்படியே தலைகீழ்.

2013-ல தண்டையார்பேட்டையில தரைக்கு அடியில போற எண்ணெய்க் குழாய்லேர்ந்து கசிஞ்சு, வீட்டு போர்ல பெட்ரோலியம் வந்தது ஞாபகம் இருக்கும். பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போன விஷயம். அந்த மாதிரி கடலோர மணல் நிலம், தண்ணி மேலாகவே இருக்கற இடம், பெட்ரோல் கசிவு. இதுக்கு உலகம் பூரா பண்ற வழிகள்ல ஒண்ணு ஏர் ஸ்பார்ஜிங். தண்ணி மட்டத்துக்குக் கீழ காத்தைச் செலுத்தறது. அது மணல் வழியா ஏறி வரும்போது பென்சீனைத் தன்னோட ஆவியாக் கூட்டிக்கிட்டு வரும். மேல வேற ஒரு கிணறு வழியா உறிஞ்சி, கரியில வடிகட்டிடுவாங்க. மண்ணுல இருக்கற நுண்ணுயிருக்கும் ஆக்சிஜன் கிடைச்சு மிச்ச எண்ணெயைத் தின்னும். சாம்பிளைக் கெடுக்கற அதே குணம் இங்க மருந்தா வேலை செய்யுது!

கணக்கு பாக்கலாம். தண்ணி 10 அடியில, காத்து வெளிய வர்ற ஜல்லடையோட மேல்நுனி 25 அடியில. நடுவுல 15 அடி தண்ணி. அதைத் தள்ள 6.5 பி.எஸ்.ஐ. குழாய்ல, மண்ணுல ஆகற நஷ்டம் எல்லாம் சேர்த்து 10 பி.எஸ்.ஐ. போதும்.

பத்தே பத்து.

மேல்வரம்பும் உண்டு. ஜல்லடை மேல்நுனியோட ஆழத்தை அடியில எடுத்து 0.73-ஆல பெருக்குங்க. 25 அடிக்கு 18 பி.எஸ்.ஐ. அதைத் தாண்டினா மண்ணுல பிளவு விழலாம். பிளவு விழுந்தா காத்து எல்லாம் அது வழியாவே ஓடிடும், சுத்தம் ஆக வேண்டிய மணலைத் தொடாது. ஒரு தடவை விழுந்த பிளவை மூட வழியில்ல.

ஆனா காத்தோட அளவு ஒரு கிணத்துக்கு 5-லேர்ந்து 20 சி.எஃப்.எம். வரைக்கும் வேணும். ஆறு கிணறு, ஒவ்வொண்ணுக்கும் 10-னா 60 சி.எஃப்.எம். இதுக்கு 100 பி.எஸ்.ஐ. ஸ்க்ரூ கம்ப்ரசரை வெச்சு ரெகுலேட்டர்ல குறைச்சு விடறவங்க இருக்காங்க. அந்த மெஷின் 15 ஹெச்பி பக்கம் இழுக்கும். பத்து பி.எஸ்.ஐ.க்குன்னே இருக்கற ஆயில் இல்லாத ப்ளோயரோ, கிளா வகை மெஷினோ போட்டா 5 ஹெச்பி மோட்டார்ல முடிஞ்சிரும். மாசக்கணக்கா, வருஷக்கணக்கா ஓடற வேலை. கரன்ட் பில்லை நினைச்சுப் பாருங்க. கிணறுகளை ரெண்டு குழுவாப் பிரிச்சு மாத்தி மாத்தி விட்டா மெஷின் இன்னும் சின்னதாகும், விட்டு விட்டுக் காத்து போறதால மணல்ல புதுப் புது வழியும் திறக்கும்.

மேல உறிஞ்சற ப்ளோயர் மட்டும் கண்டிப்பா ஃப்ளேம்ப்ரூஃபா இருக்கணும். அதுக்குள்ள போறது பெட்ரோல் ஆவி. காத்துல 1.4 சதவீதம் சேர்ந்தாலே பத்திக்கும். உறிஞ்சறது ஓடாம ஸ்பார்ஜிங் மட்டும் ஓடவே கூடாது. ஓடினா அந்த ஆவி பக்கத்து வீட்டுத் தரை வெடிப்பு வழியா சமையலறைக்குப் போகும். ரெண்டு மெஷினையும் இன்டர்லாக் பண்ணித்தான் வயரிங் கொடுக்கணும்.

எல்லா இடத்துக்கும் காத்தே தீர்வுன்னு நினைச்சுடாதீங்க. ராணிப்பேட்டையில 1995-ல மூடின குரோமேட் தொழிற்சாலையோட கழிவு குவிஞ்சு கிடக்கு. அங்க தண்ணியில இருக்கறது ஆறு இணைதிறன் குரோமியம். அது ஆவியாகாது. அதை மூணு இணைதிறன் குரோமியமா மாத்தினாத்தான் விஷமும் ஓட்டமும் குறையும். அதுக்கு ஆக்சிஜன் இல்லாத சூழல் வேணும், இரும்பு சல்பேட் மாதிரி பொருள் வேணும். அங்க போய்க் காத்தை அடிச்சா வேலைக்கே எதிர். அந்த மாதிரி இடத்துல கம்ப்ரசர் சாம்பிள் எடுக்கற பிளாடர் பம்ப்போட நின்னுடணும். களிமண் நிலத்துலயும் ஸ்பார்ஜிங் எடுபடாது, காத்து ஒரு மூலையில தேங்கி எங்கயோ கிளம்பும்.

தண்ணி மேல பெட்ரோல் தனியா மிதக்கற கிணறுன்னா, அதை வெளியேத்த காத்துல ஓடற பம்ப் ரொம்ப நல்லது. உள்ள மின்சாரமே இறங்காது, பொறி பறக்க வழியில்ல. கம்ப்ரசரைத் தூரமா வெச்சு ஓஸ் மட்டும் கொண்டு வந்தாப் போதும். ஆனா இது ராத்திரி பகல் ஓடற வேலை. சாதாரண பிஸ்டன் மெஷின் பாதி நேரம் ஓடி பாதி நேரம் ஆற வேண்டியது. அதுக்கு ஸ்க்ரூவோ ஸ்க்ரோலோதான்.

கடையில பேசறப்போ "சி.எஃப்.எம். எவ்வளவு?"ன்னு கேட்டு நிறுத்திடாதீங்க. பிஸ்டன் அளவை வெச்சுக் கணக்குப் போட்டுச் சொல்ற எண் ஒண்ணு, நிஜமா ஓஸ் நுனியில வர்ற எஃப்.ஏ.டி. (ஃப்ரீ ஏர் டெலிவரி) ஒண்ணு. ரெண்டாவது எப்பவும் கம்மி. எந்த பிரஷர்ல அந்த எஃப்.ஏ.டி.ன்னும் எழுதி வாங்குங்க. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி 2,000 மீட்டருக்கு மேல போறதா இருந்தா காத்தே ஐந்துல ஒரு பங்கு மெலிசு. இன்ஜினும் மூச்சு வாங்கும். ஒரு சைஸ் பெருசாவே எடுங்க.

அப்புறம், தயவு செஞ்சு காத்துக்கு பி.வி.சி. பைப் போடாதீங்க. தண்ணிக்குப் போடறோமே, காத்துக்கும் தாங்கும்னு போடறாங்க. அமுக்கின காத்துல பி.வி.சி. உடைஞ்சா சில்லு சில்லாத் தெறிக்கும். ப்ளோயர்லேர்ந்து வர்ற காத்து சூடு வேற, வாய்ப்பக்கமே இளகிடும். மெஷின்கிட்ட ஜி.ஐ. பைப், சூடு ஆறின பிறகு ஹெச்.டி.பி.இ., பிளாடர் பம்ப்புக்கு அதுக்குன்னே வர்ற டியூப்.

புது மெஷினோ, வாடகை மெஷினோ, எது வந்தாலும் நாங்க முதல்ல பண்றது ஒண்ணுதான். கிணத்துக்கு இறக்கறதுக்கு முன்னாடி, சுத்தமான ஒரு குழாய்ல லேப் தண்ணியை நிரப்பி, அதுல பம்ப்பை வெச்சு, அந்த கம்ப்ரசரையே மாட்டி ஓட்டி, அந்தத் தண்ணியையும் வயல்ல பிடிச்சு சாம்பிளோட சாம்பிளா அனுப்பிடுவோம். கூட ரெண்டாயிரம் மூவாயிரம் செலவுன்னு சில கிளையன்ட் முகம் சுளிப்பாங்க. அந்த வயல்ல பென்சீனும் எண்ணெயும் கண்டறியப்படலைன்னு ரிப்போர்ட் வந்தாத்தான் மெஷினை அடுத்த கிணத்துக்கு ஏத்துவோம். ரெண்டுல ஒண்ணு இருக்குன்னு வந்தா, வாடகை போனாலும் பரவால்லன்னு திருப்பி அனுப்பிட்டு நைட்ரஜன் கடைக்கு ஃபோன் பண்ணிடுவோம்.